பன்னிரண்டரைப் பந்தி

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் திருகோணமலை மட்டிக்களிக்கு வந்து புஸ்பராணியின் குசினியை ஒருநாள் பார்த்திருக்க வேண்டும். எண்பத்துநான்கு பிள்ளைகளுக்கு அங்கே சோறு வெந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை விடியப்புறம் ஐந்து மணிக்கு விறகடுப்பு இரண்டும் மூளும். ஒன்றில் சோற்றுக் கிடாரம், மற்றதில் பருப்பு. பத்தரை மணிக்கு ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பதற்குள் எல்லாம் ஓட்டோவில் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். நான்கு வருடமாக இந்த வேலை. பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர். விழாவுக்கு விழா மேடையில் ஏறி அந்தப் பழமொழியைச் சொல்லி அவளைக் காட்டுவார். முதல் இரண்டு வருடமும் புஸ்பராணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். பிறகு அந்தப் பழமொழி வருகிற நேரம் பார்த்துக் கிடாரம் கழுவப் போகப் பழகிக்கொண்டாள்.

அவளுடைய ஒரே மகள் லக்சனா, இருபது வயது, சாப்பிடமாட்டாள்.

சாப்பிடமாட்டாள் என்றால், பாகற்காய் வேண்டாம் மீன்பொரியல் வேண்டும் என்று அடம்பிடிக்கிற கதையில்லை. பசி இருக்கும், சோறு இருக்கும், கை மட்டும் வாய்க்குப் போகாது. தட்டுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் ஒதுக்குவாள். வற்புறுத்தினால் அழுவாள். அதற்கு மேலும் வற்புறுத்தினால் தின்றுவிட்டு, பிறகு இரண்டு நாள் தன்னைத் தானே வதைப்பாள். கிளினிக்கில் இந்த வருத்தத்துக்கு ஒரு நோய்ப் பெயர் சொன்னார்கள். புஸ்பராணி அதை எழுதித் தரச் சொல்லி வாங்கி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பெயர் தெரிந்து என்ன, சோறு இறங்கவில்லை.

தொடங்கியது கந்தசஷ்டியில். இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு சரிவராமல் லக்சனா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்த நேரம். ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கப்போகிறேன் என்று அவள் வந்து சொன்னபோது புஸ்பராணிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாலும் செருப்புக்குக் காவல் நிற்கிற பிள்ளை விரதம் பிடிக்கிறேன் என்றால் எந்தத் தாய்க்குத்தான் குளிராது? கோயில் வீதியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "என்ர பிள்ளை ஆறு நாளும் வெறும் தண்ணியோட." சூரன்போர் அன்று பெண்கள் வந்து லக்சனாவின் தலையைத் தடவிக் கெட்டிக்காரி என்றார்கள். அந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளையை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை.

ஏழாம் நாள் பாரணைக்குப் பதினொரு கறி வைத்தாள் தாய். லக்சனா இரண்டு வாய் தின்று இலையை மடித்தாள். வயிறு சுருங்கிப்போச்சு, நாலு நாளில் சரிவரும் என்றார்கள். பிறகு செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சதுர்த்தி, ஏகாதசி. விரதம் முடிந்தது முருகனுக்குத் தெரிந்தது, லக்சனாவுக்குத் தெரியவில்லை. அடுத்த ஆவணியில் பஸ் நிலையத்தில் அவள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

"நோன்பு எண்டா தொறக்கிறதுக்குத்தானே அக்கா புடிக்கிற," என்று அப்போது ஸுல்பிகா சொன்னாள். ஸுல்பிகா கிண்ணியாவில் பிறந்து திருகோணமலை ரவுணில் வாழ்க்கைப்பட்டவள். புஸ்பராணியோடு சேர்ந்து பள்ளிக்கூடச் சோறு சமைக்கிறவள். தேங்காய் துருவும்போதும் வாய் ஓயாது. அன்று அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அவளும் பேசாமல் இருந்தாள்.

இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு, கிளினிக்கில் ஆலோசனை சொல்லுகிற மிஸ் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தார். அதன் பிறகு லக்சனா பகலில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு தனியே இருந்து சிரிக்கத் தொடங்கினாள். ஆரோ பெடியன்தான் என்று தகப்பன் தனஞ்சயனுக்குக் கோபம். பெடியனாக இருந்தாலும் பரவாயில்லை, சிரிக்கிறாளே என்று தாய்க்கு ஆறுதல். பெடியனே இல்லை என்று பிறகு மிஸ்தான் விளங்கப்படுத்தினார்.

அதற்குப் பந்தி என்று பெயர். வட்சப்பில் பதினொரு பேர். மட்டக்களப்பில் ஒருவர், மன்னாரில் ஒருவர், வவுனியாவில் ஒருத்தி, டுபாயில் வேலை செய்கிற ஒருத்தி, இப்படி. எல்லோருக்கும் இதே வருத்தம், அல்லது இருந்து கொஞ்சம் மாறிய வருத்தம். முகம் காட்டுவதில்லை. சிலர் சொந்தப் பெயரும் சொல்வதில்லை. பூனைக்காரி என்றும் தும்பி என்றும் வைத்துக்கொண்டார்கள். பகல் பன்னிரண்டரைக்கு அவரவர் வீட்டில் அவரவர் சோற்றுக்கு முன்னால் இருந்து 'இருந்திட்டன்' என்று எழுத வேண்டும். பிறகு சாப்பிட்டபடி பூனை, பஸ், நாடகம், மழை என்று எதையும் கதைக்கலாம். எந்த எண்ணும் சொல்லக் கூடாது. உடம்பைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அடுத்தவர் தட்டைப் பார்க்கக் கூடாது. கடைசி ஆள் முடித்து 'எழும்புவம்' என்று எழுதும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது.

அந்தக் கடைசி விதி புஸ்பராணிக்குப் பிடித்தது. கோயில் அன்னதானத்தில் அவளே மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். பந்தியில் இடைவெளி விட்டு இருக்காதே, பக்கத்தில் இருக்கிறவர் முடிக்கும் முன் இலையை மடிக்காதே, பாதியில் எழும்பினால் இருக்கிற எல்லோருக்கும் குறை. ஆனால் பிடித்த அளவுக்கு எரிச்சலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெற்றவள் கெஞ்சி இறங்காத சோறு, முகம் தெரியாத ஆட்கள் நாலு எழுத்து எழுத இறங்குகிறதே என்ற எரிச்சல். எரிச்சலை விழுங்கிக்கொண்டு, பன்னிரண்டரைக்கு வீட்டில் நில்லாமல் வேண்டுமென்றே பள்ளிக்கூடத்தில் சுணங்கி ஒன்றரைக்கு வருவாள். வந்ததும் முதல் வேலை குசினிக்குப் போய் மகளின் தட்டைப் பார்ப்பது. கழுவிக் கவிழ்த்திருக்கும். மூன்று மாதமாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஆடி மாதக் கச்சான் காற்று மும்முரமாக வீசிய ஒரு வியாழக்கிழமை. அடுப்பு நெருப்பு நேராக நிற்காமல் பக்கவாட்டில் பாய்ந்துகொண்டிருந்தது. தகரத்தை நிமிர்த்தி மறைப்புக் கட்டிவிட்டு, ஸுல்பிகா இருந்து முருங்கையிலை உருவினாள்.

"அக்கா, இண்டைக்கு ஒங்கட முகத்தில ஒரு வெளிச்சமாக் கிடக்கு. என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலா பருப்புக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டீங்க?"

புஸ்பராணி அகப்பையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "அவள் நேற்று தானா வந்து, அம்மா சொதி இன்னும் இருக்கோ எண்டு கேட்டவள். நான் கேக்கேல்ல, ஸுல்பிகா. தானா வந்தவள். எனக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல. சட்டியோட தூக்கிக் குடுத்திட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்." ஸுல்பிகா இலையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். "சரி, எனக்கிட்டச் சொன்னதோட நிப்பாட்டிருங்க. புள்ள சாப்பிடுறத வாயால சொல்லப்படா. கண்ணூறு பட்டிரும்."

"எனக்குத் தெரியாதே? இவள் பால் குடிக்கேக்க சீலைத் தலைப்பால மூடித்தான் குடுத்தனான். இவளின்ர அப்பாவைக்கூடப் பாக்க விடேல்ல."

"அவர் கண்ண விடுங்க. பெத்தவ கண்ணுதான் எல்லாத்தையும் விடப் பொல்லாத கண்ணெண்டு எங்கட உம்மா சொல்லுவா."

"உங்கட உம்மா சொல்லுறதும் சரிதான்," என்றாள் புஸ்பராணி. முட்டைகளை எண்ணிக் கூடையில் அடுக்கினாள். அன்று முட்டை நாள்.

வலய மட்ட விளையாட்டுப் போட்டி என்று அன்று பள்ளிக்கூடம் நேரத்தோடு கலைந்தது. ஓட்டோக்காரனுக்கும் அவசரம். பன்னிரண்டே முக்காலுக்கே புஸ்பராணி வீட்டுப் படலையில் இறங்கிவிட்டாள். காற்று கொடியில் கிடந்த உடுப்பையெல்லாம் பிடுங்கி வேலியிலும் கிணற்றடியிலும் எறிந்திருந்தது. லக்சனா பின்பக்கம் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் பயந்துவிடுவாள் என்று தாய் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மண்டபத்து யன்னலடியில் சின்ன மேசை. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசி. முன்னால் தட்டு. சோறு பாதி இருந்தது, பாதி இல்லை. அந்த இல்லாத பாதியைப் புஸ்பராணி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மூன்று மாதத்தில் மகள் சாப்பிட்ட சோற்றின் தடத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. கழுவிய தட்டைத்தான் கண்டிருக்கிறாள். தொலைபேசியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. 'பூனை என்ர மீனையே பாக்குது.' 'லக்சனா உடுப்பு எடுக்கப் போயிட்டா, எல்லாரும் ஆறுதலாச் சாப்பிடுங்கோ.' 'தும்பி, இருக்கிறீங்களோ?' 'ஓம், இருக்கிறன். மெதுவா.'

அவள் மேசைக்குக் கிட்டப் போனாள். இந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒரு நன்றி சொல்லவில்லையே என்று தோன்றியது. கனடாவில் இருக்கிற தங்கைக்குக் குரல் அனுப்பிப் பழகிய கை. அந்தச் சின்ன மைக் அடையாளத்தை அழுத்திப் பிடித்தாள்.

"பிள்ளையள், நான் லக்சனாவின்ர அம்மா கதைக்கிறன். உங்களில ஒருத்தரையும் எனக்குத் தெரியாது, ஆனா நீங்கள் நல்லாயிருக்கோணும். என்ர பிள்ளை எலும்பும் தோலுமாக் கிடந்தவள். இப்ப கன்னமெல்லாம் வைச்சு, முகம் நிரம்பி, நல்ல வடிவா வந்திட்டாள். போன கிளினிக்கில நிறுத்தவை..." என்று தொடங்கி கிலோக் கணக்கைச் சொன்னாள். அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை சொல்லப்பட்டதே போதும். "நேற்று ரெண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டவள். நீங்களும் வடிவாச் சாப்பிட்டு, எல்லாரும் கொழுகொழு எண்டு வரோணும். பெத்ததுகளுக்கு வேற என்ன ஆசை இருக்கு, சொல்லுங்கோ."

கையை எடுத்தாள். குரல் போய்விட்டது.

பால் குடிக்கிற பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடியவள், ஊர்க்கண்ணுக்குப் பயந்து இருபது வருடம் வாயைக் கட்டியவள். காலையில்தான் ஸுல்பிகாவும் சொன்னாள். நரம்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? சந்தோசம் வந்தால் அதற்கு வேலியும் இல்லை.

லக்சனா கை நிறைய உடுப்போடு உள்ளே வந்தாள். "அம்மா? நேரத்தோட வந்திட்டீங்கள்?"

"ஓம் பிள்ளை. நீ இரு, நீ இரு, சாப்பிடு. நான் குசினிக்குள்ள போறன்." போகிற போக்கில், மறைக்கத் தெரியாமல், சொல்லிவிட்டாள். "உந்தப் பிள்ளையளுக்கு நான் ஒரு நன்றி சொன்னனான்."

உடுப்பு நிலத்தில் விழுந்தது. லக்சனா தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். தாயின் குரல் சின்னதாக வெளியிலும் கேட்டது. 'கன்னமெல்லாம் வைச்சு' என்ற இடத்தில் லக்சனாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு அவசர அவசரமாக எதையோ அழுத்தினாள்.

"அழிச்சிட்டன். ஆனா எட்டுப் பேர் கேட்டிட்டினம்."

"நான் கூடாததாச் சொன்னனானே, பிள்ளை?"

லக்சனா திரையைப் பார்த்தபடி நின்றாள். புஸ்பராணியும் எட்டிப் பார்த்தாள். 'எனக்கு ஏலாது. மன்னியுங்கோ' என்று தும்பி எழுதியிருந்தாள். கீழே, தும்பி வெளியேறிவிட்டாள் என்று ஒரு வரி.

"தும்பி ஆர்?"

"வவுனியா. நாலு நாள் ஒண்டும் சாப்பிடாமல் இருந்திட்டு இண்டைக்குத்தான் வந்து இருந்தவ, அம்மா." அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாய்க்கு நல்லதாய் இருந்திருக்கும். "பாதியில எழும்பிட்டா."

இன்னொரு தட்டை எடுத்துத் தன் சோற்றை மூடி, குசினியில் கொண்டுபோய் வைத்தாள். தானும் பந்தியிலிருந்து வெளியேறி, தொலைபேசியை நிறுத்தி, அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். அறைக்குள் போய்ப் படுத்தாள்.

அன்று பின்னேரம் தனஞ்சயன் வேலையால் வந்தபோது கையில் ஒரு தயிர்ச் சட்டி இருந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பக்கம் அவனுக்கு வெல்டிங் வேலை. அங்கே கந்தளாயிலிருந்து வருகிற ஒருவனிடம் சொல்லிவைத்து எருமைத் தயிர் எடுப்பித்து வருவான். சின்ன வயதில் லக்சனா சட்டியோடு வழித்துத் தின்ற தயிர். மகளுக்கு அவன் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். குளிர்சாதனப் பெட்டியில் முந்திய சட்டிகள் இரண்டு, ஒன்று புளித்தது, ஒன்று இன்னும் புளித்தது, ஏற்கெனவே இருந்தன.

நடந்ததைப் புஸ்பராணி சொன்னாள். அவன் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றாமல் கேட்டான்.

"நல்லதுதானே சொல்லியிருக்கிறாய். வடிவா வந்திட்டாள் எண்டு சொல்லுறது ஒரு பிழையோ?"

"அவையளுக்கு அது பிழையாம்."

"அப்ப என்னத்தைத்தான் சொல்லுறது? மெலிஞ்சிட்டாய் எண்டும் சொல்லேலாது, உடம்பு வைச்சிட்டாய் எண்டும் சொல்லேலாது. சாப்பிடு எண்டும் சொல்லேலாது, சாப்பிட்டனியோ எண்டும் கேக்கேலாது. பெத்ததுகள் ஊமையா இருக்கிறதே?"

"ஊமையா இருந்திருக்கலாம்," என்றாள் அவள்.

அவன் எழும்பிப்போய் அறைக் கதவருகில் நின்றான். "லக்சி, தயிர் கொண்டந்திருக்கிறன்" என்றான். உள்ளிருந்து, "வையுங்கோ அப்பா, பிறகு" என்று வந்தது. அவன் தயிரைப் பெட்டிக்குள் மூன்றாவதாக வைத்துவிட்டு, ஒழுங்கையில் போய் நின்று காற்றில் அணைந்து அணைந்து போன சிகரெட்டைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்தான்.

புஸ்பராணி முச்சந்திக்குப் போய்க் காலடி மண் ஒரு பிடி எடுத்தாள். மூன்று செத்தல் மிளகாய், கைப்பிடி உப்பு. மகளைக் கட்டிலில் எழுப்பி இருத்தி, தலையைச் சுற்றினாள். ஊர்க்கண், உறவுக்கண், வீதியில் போனவர் கண், வந்தவர் கண் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். பிறகு, "பெத்த கண்" என்று சொல்லி மூன்றாம் தரம் சுற்றினாள். லக்சனா தடுக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அப்படியே இருந்தாள்.

அடுப்பில் போட்ட மிளகாய் கமறவே இல்லை. கமறாவிட்டால் நாவூறு இருக்கிறது என்று அர்த்தம். தும்மல் வராதா, ஒரு இருமல் வராதா என்று புஸ்பராணி புகைக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு. தண்ணீரும் அரைக் குவளைத் தேத்தண்ணியும். கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள், அதற்குள் மயக்கம் வந்தால் உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். ஞாயிறு பகல் புஸ்பராணி பன்னிரண்டரைக்குச் சோறு போட்டு, அந்த மேசையில் வைத்து, எதிரில் தானும் தட்டோடு இருந்தாள். பந்தி என்றால் பந்திதானே, நான் இருந்தால் ஆகாதா என்ற நினைப்பு.

"வா பிள்ளை. நான் இருந்திட்டன்."

லக்சனா வந்து இருந்தாள். சோற்றைப் பார்த்தாள். தாய் அவளைப் பார்த்தாள். கால்மணி நேரம் இப்படியே போனது.

"நீங்கள் பாக்கிறீங்கள், அம்மா."

"நான் பாக்கேல்ல."

"என்ர கையைப் பாக்கிறீங்கள். வாய்க்குப் போகுதோ எண்டு எண்ணுறீங்கள்."

அது உண்மை. புஸ்பராணி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் நல்லெண்ணத்தோடதான் மோனை சொன்னனான். உன்ர தலையில அடிச்சுச் சத்தியமா."

"தெரியும்." லக்சனா ஒரு சோற்றை விரலால் நகர்த்தினாள். "கந்தசஷ்டிக்கும் நல்லெண்ணத்தோடதான் சொன்னீங்கள். அண்டைக்கு நான் சாப்பிடாததை எல்லாருக்கும் சொன்னீங்கள். இப்ப சாப்பிட்டதைச் சொல்லியிருக்கிறீங்கள். ரெண்டும் என்ர, அம்மா. ஒண்டையாவது என்னட்ட விட்டிருக்கலாம்."

புஸ்பராணிக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. அதைத் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவளுக்கு ஒவ்வொரு நாளும் இப்படித்தானா இருக்கும் என்று முதல்தரம் அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பயற்றம்கஞ்சி. இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் மூன்றாம் தரம் கோப்பையை நீட்டினான். புஸ்பராணி கஞ்சியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியதை ஸுல்பிகா கண்டாள். அகப்பையை வாங்கிக்கொண்டு, "போய் அந்தப் பந்திப் புள்ளைக்கிட்டக் கதைங்க" என்றாள். பந்தியை நடத்துகிற ஷிஃபானாவின் இலக்கம் கிளினிக் மிஸ்ஸிடம் வாங்கிச் சேலை முடிச்சில் இரண்டு நாளாகக் கிடந்தது. மாமரத்தடியில் நின்று அழைப்பை எடுத்தாள்.

ஷிஃபானா மூதூரில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. "லக்சனாட உம்மா... அம்மாவா? சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள். குரல் மிகவும் சின்ன வயதாக இருந்தது புஸ்பராணிக்கு அதிர்ச்சி. ஒரு பெரிய மனுசியை எதிர்பார்த்திருந்தாள்.

"பிள்ளை, நான் செய்தது பெரிய பிழை. எனக்கு எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கோணும். ஒருக்கா அந்தக் குறூப்பில கதைக்க விடுவீங்களோ?"

"வேணாம் ஆன்ட்டி. திரும்பவும் அதே கதைதான் வரும். நாங்க உங்கள ஏசல்ல. என்ட உம்மாவும் இப்பிடித்தான். நான் சுகமாகி வரக்குள்ள ஊரக் கூட்டிச் சோறு குடுத்தவ. அதுக்குப் பிறகு எனக்கு ஒரு வருசம் போச்சு."

"என்ர பிள்ளை ஒண்டும் சாப்பிடுறாளில்லை. நாலு நாள்."

"தெரியும். அவட இடம் அப்பிடியே கிடக்கு. ஒவ்வொரு நாளும் ஆராவது ஒராள் அவட பேரச் சொல்லிட்டுத்தான் சாப்பாட்டத் தொடங்குறம். எப்ப வந்தாலும் சேத்துக்குவம். நீங்க அவவ இழுத்துக்கொண்டு வந்திராதீங்க."

புஸ்பராணி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வவுனியாப் பிள்ளை? தும்பி?"

ஷிஃபானா பிள்ளைகளின் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது. "வரல்ல ஆன்ட்டி. ஃபோன் எடுத்தாலும் வேல செய்யுதில்ல. அவட கிளினிக்குக்குச் சொல்லியிருக்கு. அவங்க பாப்பாங்க."

"அவவின்ர அம்மாவின்ர நம்பர் தாங்கோ. நான் காலில விழுறன்."

"எனக்கே தெரியா. அவட சொந்தப் பேரும் எனக்குத் தெரியா. நான் டொக்டர் இல்ல ஆன்ட்டி. நானும் அந்தப் பந்தியில இருக்கிற ஒராள், அவ்வளவுதான்." அந்தச் சின்னக் குரல் இப்போது உடைந்தது. "அண்டைக்கு எனக்கும் ஏலாமத்தான் போச்சு. ஆனா நான் எழும்பினா எல்லாரும் எழும்பிருவாங்களே."

யாரை யார் தேற்றுவது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அங்கே ஒரு பிள்ளை மூத்திரம் என்று கத்தியது, ஷிஃபானா வைத்துவிட்டாள்.

செவ்வாய் கிளினிக்கில் லக்சனாவைத் திரும்ப நிறுத்தார்கள். முகத்தை மறுபக்கம் திருப்பி நிற்கச் சொல்லித்தான் நிறுப்பார்கள், எண் அவளுக்குத் தெரியக் கூடாது என்று. இந்த முறை புஸ்பராணியும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். வெள்ளிக்குள் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் வார்ட்டில் மறிக்க வேண்டும் என்றார் டொக்டர். பஸ்ஸில் வரும்போது துறைமுகத்தில் ஒரு பெரிய மாவுக் கப்பல் நின்றது. தாயும் மகளும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

புதனும் போனது. வியாழக்கிழமை காலை கிடாரத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது லக்சனா வாசலில் வந்து நின்றாள். சுவரைப் பிடித்திருந்தாள். கையில் அலுமாரியிலிருந்து எடுத்த தொலைபேசி.

"அம்மா, இண்டைக்குப் பன்னிரண்டரைக்கு முந்தி வருவீங்களோ?"

"வாறன். ஏன் பிள்ளை?"

"சும்மா. வாங்கோ."

"போங்க அக்கா, போங்க, கிடாரமெல்லாம் நான் கழுவுறன்," என்று பதினொரு மணியிலிருந்தே விரட்டினாள் ஸுல்பிகா. புஸ்பராணி பன்னிரண்டுக்கே வந்துவிட்டாள். சோறு, முருங்கையிலைச் சுண்டல், சொதி. மகள் கேட்ட அளவு மட்டும் போட்டாள். இன்னும் கொஞ்சம் என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

"நான் வெளியில நிக்கட்டே?"

"வேணாம். நீங்களும் போட்டுக்கொண்டு வாங்கோ." லக்சனா தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்தாள். "தும்பியின்ர இடம் வெறுமையாக் கிடக்கு. பந்தியில இடைவெளி விடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள். ஆனா அங்கால பாத்து இருக்கோணும். திரும்பக் கூடாது. ஒண்டும் கேக்கக் கூடாது."

"இல்லை. கேக்கமாட்டன்."

மகளுக்கு முதுகு காட்டி, கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு புஸ்பராணி இருந்தாள். முன்னால் வெறும் சுவர். பழைய கலண்டர் தொங்கிய ஆணி ஒன்று. பின்னால் விரல் தட்டுகிற மெல்லிய சத்தம். இருந்திட்டன் என்று எழுதியிருப்பாள். உடனே டிங், டிங் என்று நாலைந்து பதில் வந்து விழுந்தது. அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரியாது. யன்னல் கொளுக்கி கச்சானில் அடித்துக்கொண்டது.

அவள் தன் சோற்றில் ஒரு வாய் எடுத்தாள். ருசி தெரியவில்லை. காது முழுவதும் பின்னால் இருந்தது. தட்டில் விரல் உரசுகிற சத்தம் கேட்டது. பிசைகிறாள். பிசைவது கேட்கும், பிசைந்ததை ஓரத்தில் ஒதுக்குவதும் அதே சத்தம்தான். மெல்லுகிற சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காற்று விட்டால்தானே. எண்பத்துநான்கு பிள்ளைகளின் வாயைத் தினமும் பார்க்கிற கண்ணுக்கு, இந்த ஒரு வாயைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

முருகா, திரும்பாமல் இருக்க எனக்குப் பெலன் தா என்று வேண்டினாள். சாப்பிட வை என்று வேண்டப் பயமாக இருந்தது; அதுவும் கேட்பதில் சேருமோ என்னவோ.

டிங் என்று ஒன்று. நீண்ட நேரத்துக்குப் பிறகு இன்னொன்று. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. தன் தட்டில் ஒரு பிடி சோறு மிச்சம் இருந்தது. அதை முடித்தால் எழும்ப வேண்டி வருமோ என்று முடிக்காமல் வைத்திருந்தாள். கேட்கமாட்டேன் என்று சொன்ன வாய்தான். ஆனாலும் மகளைப் பற்றியல்லாத ஒரு கேள்வி இருந்தது. ஏழு நாளாக நெஞ்சில் கிடந்தது. சுவரைப் பார்த்தபடியே, மெதுவாக, அதைக் கேட்டாள்.

"பிள்ளை, அந்த வவுனியாப் பிள்ளை வந்திட்டுதோ?"

பின்னாலிருந்து பதில் இல்லை. வாயில் சோறு இருந்ததால் லக்சனா பேசவில்லையா, சொல்ல ஒன்றும் இல்லாததால் பேசவில்லையா என்று புஸ்பராணிக்குத் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.